கீழே வைத்த குறடு

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில், கல்யாணத்துக்கு நாள் குறித்த மாப்பிள்ளையாக, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. எந்த மனு எந்த மேஜைக்குப் போகவேண்டும் என்பது அத்துப்படி. ரிடையர் ஆகும்வரை அந்தக் கர்வம் குறையவில்லை. நோய்க்கும் அப்படியொரு நடைமுறை வைத்திருந்தேன். இடது கன்னம் சில மாதங்களாக மெல்ல உப்பி வந்தது. அந்தப் பக்க மூக்கில் அவ்வப்போது ரத்தம். சூடு என்று முடிவு செய்து மோர் குடித்தேன். பிறகு மேல் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. அதை எடுத்துவிட்டால் வீக்கம் வடியும், கல்யாண போட்டோவும் ஒழுங்காக விழும். தீர்ப்பை நானே எழுதிவிட்டேன். நிறைவேற்ற மட்டும்தான் டாக்டர் தேவைப்பட்டார்.

கூட வந்த அத்திம்பேர், என் அக்காவின் கணவர், என்னைவிட அவசரக்காரர். "என்ன டாக்டர், பார்த்துண்டே இருக்கேள்? ஒரே இழுப்பு! சாயங்காலம் ஜவுளி எடுக்கப் போகணும்."

டாக்டர் பல் பிடுங்கும் குறடு ஒன்றைக் கையில் எடுத்தார். வாய்வரை கொண்டுவந்தவர், என்ன தோன்றியதோ, விரலால் பல்லை அழுத்தினார். ஹார்மோனியக் கட்டை மாதிரி அது உள்ளே போயிற்று. விரலை எடுத்ததும் தானாக எழும்பி வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி எழும்பியது. கன்னத்தில் விரலை வைத்துச் சற்று நேரம் அசையாமல் நின்றார். குறடு தட்டில் 'டிங்' என்று விழுந்தது.

"பல்லுல கோளாறு இல்லே சார். மேலே எலும்புக்குள்ள ரத்தம் துடிக்குது. இதைப் பிடுங்கினா, அந்த ஓட்டைய அடைக்க என்கிட்டே பஞ்சு மட்டும்தான் இருக்கு."

"பல்லைப் பிடுங்கப் பயப்படற பல் டாக்டரை இப்பத்தான் பார்க்கறேன்" என்று அத்திம்பேர் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள், அழுத்திய ஈறிலிருந்து ரத்தம் குபுக்கென்று முகவாயில் வழிந்தது!

டாக்டர் பஞ்சைத் திணித்துக் கடிக்கச் சொன்னார். காத்திருந்தவர்களை அனுப்பிவிட்டு, எங்களோடு தாமும் ஜட்காவில் ஏறிக்கொண்டார்.

"இன்னா சாமி, வாயெல்லாம் ரத்தமா கீது! எவனா அட்ச்சிட்டானா?" என்றார் ஜட்காக்காரர்.

"நீ ஓட்டப்பா!" என்று அத்திம்பேர் அலறினார்.

"தோ, பீச் ரோட்டுல பறந்துகினே போறேன். நீ கெட்டியா கடிச்சிக்க சாமி!"

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கன்ன எலும்புக்குள் காற்று மட்டும் இருக்கவேண்டிய அறை முழுக்க ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. சர்ஜன் மெல்லிய ஊசியைச் செலுத்தினார். ஊசிக்குள் வெறும் ரத்தமே ஏறியது. ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவதுதானே முறை என்று, பேச முடியாத நிலையிலும், காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

"இங்கே ஒரு துண்டு வெட்டினா, மிச்சத்தைப் பிணக்கிடங்கில் வெட்டுவாங்க" என்றார் அவர். அது ரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்டு வளர்ந்த கட்டி. புற்றுநோய் அல்ல, பரவாது. தப்பாகக் கைவைத்தால் மட்டும் ஆளை முடித்துவிடும்.

முதலில் கழுத்தில், அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைக் கட்டிவிடவேண்டும். பிறகு மேலுதட்டுக்கு அடியில் எலும்பைத் திறந்து, முழுசாக எடுக்கவேண்டும். அப்படியும் ரத்தம் போகும். அதை ஈடுகட்ட எனக்கு ரத்தம் கொடுக்க ஒருவர் தேவை. பரிசோதித்ததில் பொருந்தியது யாருடையது தெரியுமா? அத்திம்பேருடையது! பக்கத்துக் கட்டிலில் கையை நீட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடி அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "டாக்டர், மெள்ள எடுங்கோ. ஒரு அவசரமும் இல்லே."

எலுமிச்சம்பழ அளவில் கட்டி வெளியே வந்தது. அந்தப் பல்லும் கூடவே வந்துவிட்டது. கல்யாணம் அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போனது. போட்டோவில் நான் வலது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கோர்ட்டில் காலமெல்லாம், யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். என் உயிரைக் காப்பாற்றிய பல் டாக்டர் செய்ததோ, கையில் எடுத்த குறடு ஒன்றைக் கீழே வைத்ததுதான். இன்றைக்கும் எதற்காவது 'ஒரே இழுப்புத்தானே' என்று என் கை நீளும்போது, தட்டில் அது விழுந்த சத்தம் கேட்கிறது, கை நின்றுவிடுகிறது.