கேசட்டில் கொள்ளாத பாட்டு

அடையாறில் இன்சுலின் வாங்க நின்றபோது பக்கத்து ஜூஸ் கடையில் அந்தப் பாட்டு கேட்டது. சரணத்துக்கு முன்னால் ஓர் இருமல் வரும். அது என்னுடையது. இணையத்தில் பிள்ளைகள் அதற்கும் பொருள் கண்டுபிடித்திருக்கிறார்களாம், ஒரு தலைமுறையின் மூச்சுத்திணறல் என்று. அன்று நான் மசாலாக் கடலை தின்றிருந்தேன், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நூறு கேசட் போட்டோம். முக்கால்வாசி விற்கவில்லை. யாரோ பழைய சாமான் கடையில் ஒன்றைக் கண்டெடுத்து இணையத்தில் ஏற்றிவிட, இப்போது ஊரே கேட்கிறது. எழுதிப் பாடியவர் காதர். ராயப்பேட்டையில் பைண்டிங் கடை வைத்திருந்தவர், என் சிநேகிதர். பதிவு செய்தவன் நான். படித்தது பொறியியல், பார்த்த வேலை, தி.நகரில் ஒரு கார் ஷெட்டுக்குள் ஒலிப்பதிவு.

ஊசி போடுமுன் பஞ்சில் தொடும் ஸ்பிரிட் வாடை இன்றும் என்னை அந்த ஷெட்டுக்கே கொண்டுபோகும். பதிவுக் கருவியில் டேப் உரசும் முனையை ஸ்பிரிட்டால்தான் துடைப்போம். இரைச்சல் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்திவிடுவோம், வேர்த்து ஊற்றும். எட்டுப் பாட்டு முடிந்த நேரம், காதரின் மனைவி ஜமீலா சாப்பாடு கொண்டுவந்தார்.

"டேப்புல எடம் கீது. வூட்ல முணுமுணுப்பியே, அத்தப் பாடேன்," என்றார் காதர்.

"ஐய, போயா! சோறு ஆறுது."

ஆனாலும் பாடினார். ஒரே தடவை. கேசட்டில் அது கொள்ளவில்லை. மூலப் பதிவான பெரிய டேப்பில் மட்டும் இருந்தது.

"பத்திரம் நைனா," என்றார் காதர். என்னை நம்பச் சொன்னேன்.

அடுத்த வருஷம் ஆடி மாதம். ஒரு புடவைக் கடை விளம்பரம் சாயங்காலத்துக்குள் வேண்டும். புது டேப் வந்து சேரவில்லை. பழையதை அழித்து எடுப்பது எங்கள் தொழிலில் சகஜம்தான், ஆனால் உரியவரைக் கேட்டுவிட்டுத்தான் அழிப்போம். நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். பெட்டியில் காதர் பெயர் இருந்த இடத்தில் வேறு காகிதத்தை ஒட்டினேன்.

போன மாதம் காதர் போன் செய்தார். அந்தப் பாட்டுகளை யாரோ இசைத்தட்டாகப் போடக் கேட்கிறார்களாம்.

"அது கெடக்கட்டும் நைனா. ஜமீலா போய் நாலு வருசமாவுது. போட்டோ நெறைய கீது. கொரலு ஒண்ணுகூட இல்ல. அந்த டேப்பு உங்கையிலதான கீது?"

"தேடறேன்," என்றேன். வாரா வாரம் கேட்டார்; வாரா வாரம் அதையே சொன்னேன்.

நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் டேப்பை எடுத்துப்போக ஒரு துணிப்பை. அவர் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். உட்காரவைத்துவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும்.

"அழிச்சிட்டேன் காதர். அப்பவே."

வாசலிலேயே நின்றார். "மேல இன்னாத்த ஏத்துன?"

"ஆடித் தள்ளுபடி."

"கடையாவது கீதா?"

"இடிச்சிட்டாங்க."

சிரிப்பார் போலிருந்தது. சிரிக்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஜமீலாவின் பாட்டில் முதல் இரண்டு வரியை முனகினார். மூன்றாவதில் நின்றது. மறுபடி தொடங்கினார், அங்கேயே நின்றது.

"நீதான அன்னிக்கி ஹெட்ஃபோன காதுல மாட்டிக்கினு கேட்ட? மேல எப்டிப் போவும், சொல்லு."

அந்தப் பாட்டின்போது அங்கே இருந்தவர்களில் மிச்சம் நாங்கள் இருவர்தான். அன்று நான் ஒலியளவு காட்டும் மீட்டரின் முள் சிவப்பைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டைக் கேட்கவில்லை.

அதையும் அவரிடம் சொன்னேன்.