முதுகில் கோடு இல்லாத குற்றம்

போன ஞாயிற்றுக்கிழமை சூரியநெல்லியில் என் சித்தி மகள் முத்துலட்சுமி வீட்டில் இருந்தேன். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற வேலை அவளுக்கு. தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டின் பின்னால் கொய்யா மரத்தில் ஓர் அணில் பழம் கொறித்துக்கொண்டிருந்தது. என்ன அழகு! போனில் படம் பிடித்தேன்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு செல்வராஜ் நாலைந்து பேரோடு வேகமாகப் போனார். கையில் மிளகாய் வற்றல், மண்ணெண்ணெய் கேன். மேட்டில் இருக்கிற பாறைக் குகையில் புகை போட்டு வௌவால்களை விரட்டப் போகிறார்களாம்.

ஏன்? அவருடைய மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் வரவில்லை. இங்கே காய்ச்சல் என்றாலே நிபா பயம். நிபா என்றால் வௌவால்!

முத்துலட்சுமி செருப்புகூடப் போடாமல் குறுக்குப் பாதையில் ஓடினாள். குகை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்க நானும் பின்னாலேயே...

"எந்திரி தாயி, புகையில மாட்டிக்காத" என்றார் செல்வராஜ்.

"மாட்டேண்ணே. இது அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம். பாரஸ்ட்காரங்க சொன்னப்ப நீங்களும்தான நின்னீங்க?"

"எம்புள்ள காய்ச்சல்ல கெடக்கு!"

"தெரியாதாண்ணே? ஆஸ்பத்திரிக்கு நாந்தான தூக்கிட்டுப் போனேன். ரிசல்ட் வரட்டும். புகையப் போட்டா இதுக ஊருக்குள்ளதான் வரும். அணில் கடிச்ச பழத்தக் கழுவித் தின்னுட்டு, வௌவால மட்டும் கொலகாரங்கிறோம். ரெண்டுல எது கடிச்ச பழமும் திங்க வேணாம். குகைய விட்டுருங்க."

யோசித்தேன். அணில் பட்டப்பகலில் திருடும். முதுகில் கோடு, புசுபுசு வால் — மன்னித்துவிடுகிறோம். இந்தப் பழந்தின்னி வௌவாலுக்கோ பெயருக்குக்கூட வால் இல்லை. அதே மாதிரிப் பழத்தைத்தான் தின்கிறது. விதையைக் காட்டில் தூவுகிறது. ஊருக்கு நூறு அணில்... இது மேற்குத் தொடர்ச்சி மலையின் சில குகைகளில் மட்டும். அழகாக இருந்தால்தான் உயிர் வாழ அனுமதியா?

அவள் போன் செய்த ஒரு மணி நேரத்தில் வனத்துறை ஜீப் வந்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. செல்வராஜ் கேனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிய பிறகுதான் எழுந்தாள்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. சாதாரண வைரல் காய்ச்சல். குழந்தை கஞ்சி கேட்டதாம்.

அன்று சாயங்காலமே முத்துலட்சுமி ஏணியில் ஏறி, அணிலும் வௌவாலும் கடிக்காதபடி கொய்யாக் காய்களுக்கெல்லாம் துணிப்பை கட்டினாள். செல்வராஜ் இன்னும் அவளோடு பேசவில்லை.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் அவர்தான்!