முள்ளங்கி என்றொரு இசையமைப்பாளர்

பிறர் வைத்த பெயரோடு வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு அது பழகிப்போகுமா, உள்ளே வலித்துக்கொண்டே இருக்குமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. எங்கள் வீட்டு மேசையில் கிடக்கும் பழைய சாம்பல்நிறக் கையடக்க விளையாட்டுக் கருவியைப் பார்க்கும்போதெல்லாம் அது எழுகிறது. விளையாட்டை வென்றால் கடைசித் திரையில் ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி வரும்: 'இசை: முள்ளங்கி.'

அந்த முள்ளங்கி, ஒஸ்லோவில் நான் வேலைசெய்த சிறிய கணினி விளையாட்டு நிறுவனத்தின் இசையமைப்பாளர். நோர்வேஜியப் பெண்ணை மணந்து இங்கே வந்தவர். இளமையில் ஜப்பானில் பெயர்போன விளையாட்டுகளுக்கு இசையமைத்தவர். அந்தக் காலக் கருவியில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஒலிகளுக்கு மேல் எழாது. அதற்குள் மழையையும் போரையும் கொண்டுவந்தார். மெட்டின் முடிவு தொடக்கத்தோடு ஒட்டுத் தெரியாமல் சேர வேண்டும் என்பார். ஆடுகிறவர் ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் தோற்றுக்கொண்டிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் போட்டி நிறுவனங்கள் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் முதலாளிகள் அவருடைய சொந்தப் பெயரைப் போடவில்லை. முள்ளங்கி ஊறுகாய் இல்லாமல் சாப்பிடமாட்டார் என்பதால் அந்தப் பட்டம். முதல் விளையாட்டு வெளிவந்தபோது தகப்பனாரை அருகில் இருத்திக் கடைசித் திரையைக் காட்டியிருக்கிறார். "இதில் நீ எங்கே?" என்று கேட்டாராம் தகப்பனார். மதியச் சாப்பாட்டு மேசையில், பாண் துண்டைக் கடித்தபடி, இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

எங்கள் விளையாட்டு முடிந்தபோது கடைசித் திரைக்குப் பெயர்கள் சேர்ப்பது என் வேலை. இம்முறையாவது சொந்தப் பெயரைப் போடலாமே என்றேன். "வேண்டாம். ரசிகர்களுக்கு முள்ளங்கியைத்தான் தெரியும்," என்றார். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வுபெற்று ஜப்பான் திரும்பும் நாளில் அந்தக் கருவியை எனக்குத் தந்தார். அலுவலகத் திறப்புக் கொத்தையும் திருப்பி ஒப்படைத்தார். வாசற்கதவைத் திறக்கும் அட்டையை மட்டும் கைக்குள் பொத்திக்கொண்டு, "இதை நான் வைத்துக்கொள்ளலாமா? வேலைசெய்த இடத்தில் என் பெயர் எழுதியிருப்பது இதில் மட்டும்தான்," என்றார்.

இந்த ஆண்டு மகள் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதிப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து, தேடித் தேடி வைத்த பெயர் அவளுடையது. வகுப்பில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லையாம்.

"அம்மா, என்னையும் இங்கத்தைப் பிள்ளையள் மாதிரி நூரா எண்டு கூப்பிடச் சொல்லுங்கோ."

"ஏன் குஞ்சு, உன்ரை பெயருக்கு என்ன குறை?"

"குறை இல்லை. அதை வீட்டிலை வச்சிருப்பம்."

கணவர் சிரிக்கிறார். "முள்ளங்கி எண்டு கூப்பிடச் சொல்லிக் கேக்கேல்லைத்தானே, விடுமப்பா."

என்னால் விட முடியவில்லை. வகுப்பு வாசலில் ஜக்கெட் மாட்டும் கொக்கிக்கு மேல் என்ன பெயர் ஒட்டுவது என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். இப்போதைக்கு அவளுடைய படம் மட்டும் ஒட்டியிருக்கிறது. மறுத்தால் பிள்ளை தனித்துப்போவாளோ என்று பயம். சம்மதித்தால், ஒருநாள் எதையோ கைக்குள் பொத்திக்கொண்டு யாரிடமோ கெஞ்சி நிற்பாளோ என்று அதைவிடப் பயம்.

இதை எழுதும்போது அவள் அந்தக் கருவியில் வென்று கடைசித் திரைக்கு வந்துவிட்டாள். "அம்மா, இதிலை ஆரின்ரை பெயர் இருக்கு?" என்கிறாள்.

பிள்ளைகளை வேற்று நாட்டில் வளர்த்தவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். அந்தக் கொக்கிக்கு மேல் நான் என்ன பெயரை எழுதச் சொல்லட்டும்?