ஆறு மணி நேரக் கொடி

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்த அளவுக்குக் கொடியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓட்டக் குழுவில் அறுபதைத் தொடப்போகிற ஒரே பெண்பிள்ளை. மாரத்தான் நாளன்று முதுகில் ஒரு பையை மாட்டி, அதில் செருகிய கம்பில் மஞ்சள் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு ஓடுவாள். கொடியில் பெரிதாக ஆறு என்று போட்டிருக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் முடிக்க நினைக்கிறவர்கள் இந்த அம்மாவின் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று அதற்குப் பொருள். முந்தவும் மாட்டாள், பிந்தவும் மாட்டாள். நாலு மணி நேரக் கொடி, ஐந்து மணி நேரக் கொடி எல்லாம் உண்டு. அவை இளவட்டங்கள் கையில். இருப்பதிலேயே கடைசிக் கொடி இவளுடையது.

"ஊர்லயே கடைசியா வர்றதுக்கு ஒரு கொடி வேறயா?" என்பார் வீட்டுக்காரர். அவர் கார் சீட் தைக்கிறவர். பிறர் உட்காருவதற்காகத் தானும் நாள் முழுக்க உட்கார்ந்தே உழைக்கிற மனிதர்.

"எனக்குப் பின்னாடி எத்தனை பேர் வர்றாங்கன்னு எந்திரிச்சு வந்து பார்த்தாத்தானே தெரியும்?" என்பாள் இவள். அவர் எழுந்திருக்க மாட்டார். இது அந்த வீட்டில் ஞாயிறுதோறும் நடக்கிற பேச்சு.

இந்த நேரம் தவறாத பழக்கம் ஓட்டத்தால் வந்ததல்ல. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள் கொடியக்கா. தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை. ஒரு பக்கம் ஆளுயர வாஷிங் மெஷின்கள் உறுமிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் சூடான உருளைகளுக்கு நடுவே விரிப்புகள் சப்பையாக வந்து விழும். காலையில் முதல் ஆபரேஷனுக்கு முன்னால் பச்சைத் துணிக்கட்டுகள் மேல்மாடிக்குப் போயாக வேண்டும். துணி வராமல் டாக்டர் கத்தியைத் தொட மாட்டார், மயக்க மருந்துக்காரர் ஊசியைத் தொட மாட்டார். பாவம், நோயாளி வெறும் வயிற்றோடு மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்த முகம் தெரியாத நோயாளியை நினைத்துத்தான் இவள் ஒவ்வொரு நாளும் இருட்டோடு எழுந்து ஓடினாள். ஒரு நாள்கூடத் துணி தாமதமானதில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்து வந்த கர்வம்தானே.

நிஜ ஓட்டம் ஐம்பது வயதுக்கு மேல் வந்தது. ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவுக்கு ஊழியர் ஓட்டம் ஒன்று வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பனியன் இலவசம் என்றார்கள். வீட்டுக்காரருக்கு ஆகும் என்று பனியனுக்காகவே போனாள். வேலைக்குப் போடுகிற ரப்பர் செருப்போடு, சீராக, யாரோடும் போட்டி போடாமல் ஓடி முடித்தாள். வேகமாகக் கிளம்பிய வார்டு பையன்களெல்லாம் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குச் சலவைப் பிரிவே மூக்கின்மேல் விரலை வைத்தது. அவளுக்கோ மறுநாள் காலையிலும் ஓட வேண்டும்போல் இருந்தது.

பிறகு குழுவில் சேர்ந்தாள், நல்ல ஷூ வாங்கினாள். கால் நகம் கறுத்து விழுந்தது, புதிதாக முளைத்தது. முட்டி வலி வந்தது, போனது, திரும்ப வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஓடுகிறவர்களிடம் மட்டும் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடக்கூடாது. சொல்லி முடிப்பதற்குள் நம் வேலை கெட்டுவிடும். கொடியக்காவின் உடம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓடிக்கொண்டே இருந்தால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடும். நின்றால் கால் மரக்கட்டையாக இறுகிவிடும். அதனால் தண்ணீர் குடிக்கிற இடத்தில்கூட நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். அவள் ஓட்டம் முதல் கிலோமீட்டரிலும் கடைசியிலும் ஒரே மாதிரி இருப்பதைக் கோச் கவனித்தார். மகள் வயதுதான் கோச்சுக்கு. "அக்கா, கொடி பிடிக்க வேகம் வேணாம், நிதானம்தான் வேணும். நீங்க பிடிங்க" என்று அவள் முதுகில் கொடியை ஏற்றிவிட்டார்.

எல்லாம் சரி. இந்த நேரம் தவறாமைக்கு வீட்டில் ஒருத்தி விலை கொடுத்திருந்தாள். அவள்தான் ஒரே மகள்.

மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது அம்மா வேலைக்குப் போனாள். பள்ளிக்கூட விழாவில் மகள் மேடையேறிப் பேசியபோது, அம்மா வந்து சேர்வதற்குள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "நேரமாகுது" என்பதுதான் அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல். மகள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. சிரித்துக்கொண்டே சொல்வாள், அதுதான் தாங்க முடியாது. தன் கல்யாணத்தன்றுகூடத் தோழிகளிடம், "எங்கம்மா கண்டிப்பா வருவாங்க. ஆனா கண்ணு கடிகாரத்துலதான் இருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கொடியக்காவும் சிரித்தாள். பிறகு கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சற்றுநேரம் அழுதாள். நியாயம் அவள் பக்கம்தான். வேலை வேலைதானே. ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு பெற்ற பெண்ணிடம் என்ன பேசுவது?

மகளுக்கு இப்போது மூன்று வயதில் ஒரு குழந்தை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து நம்பர் சொல்கிற வேலை. குழந்தை பிறந்தபின் உடம்பு கனத்துவிட்டது என்று அவளும் அதே குழுவில் சேர்ந்து ஓட ஆரம்பித்தாள். ஒரு நாள் வந்து சொன்னாள்:

"அம்மா, இந்த வருஷம் நானும் முழு மாரத்தான் ஓடறேன். உன் கொடிக்குப் பின்னாடிதான் வருவேன். பார்த்து, என்னை விட்டுட்டுப் போயிடாதே!"

வழக்கம்போல் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.  கொடியக்கா மறுநாளே கோச்சிடம் போனாள்.

"கூட வர்றவங்க யாராவது நடுவுல உக்காந்துட்டா என்ன பண்றது?"

"என்னக்கா, புதுசா கேக்கறீங்க? கொடி நிக்கக்கூடாது. அதை நம்பி இன்னும் எத்தனை பேர் வர்றாங்க!"

"இல்ல, வேற யார் கையிலயாவது கொடுத்துட்டு நான் மட்டும் நின்னா?"

கோச் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கொடுக்கலாம். உங்களுக்கு அடிபட்டா நானே கொடுக்கச் சொல்வேன். ஆனா சொந்தக்காரங்களுக்காக நின்னா, அப்புறம் கொடி உங்க கைக்கு வராதுக்கா. யாரா இருந்தாலும் இதுதான்."

கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் தூக்கம்தான் போயிற்று.

ஓட்டத்தன்று எல்லாம் ஒழுங்காகவே தொடங்கியது. கொடிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒரு பல் டாக்டர், எதற்கெடுத்தாலும் ஜோக் அடிப்பவர், மூன்றாவது வருஷமாக இவள் பின்னாலேயே ஓடுகிறவர். மகள் பாதி தூரம் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். குழந்தையின் குறும்பு, கடை முதலாளியின் கஞ்சத்தனம், எல்லாம் வந்தன. முப்பதைத் தாண்டியதும் பேச்சு நின்றது. கொடியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே ஓடினாள். முப்பத்துநாலாவது கிலோமீட்டரில், மேம்பாலம் இறங்கியதும், அந்தச் சத்தமும் நின்றது.

திரும்பிப் பார்த்தால், மகள் ஒரு பூட்டிய பெயிண்ட் கடையின் படியில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சதை முடிச்சுப் போட்டுக்கொண்டு துடித்தது.

"போம்மா, நேரமாகுது" என்றாள் மகள். இந்தத் தடவை சிரிக்கவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. நிஜமாகவே போகச் சொன்னாள்.

கால்கள் பழக்க தோஷத்தில் போய்க்கொண்டேயிருந்தன. ஒரு விளக்குக் கம்பம் தாண்டியது, இன்னொன்று தாண்டியது. மூன்றாவதைத் தாண்டும்போது கொடியக்கா முதுகுப் பையைக் கழற்றினாள்.

"டாக்டர், இதைப் பிடிங்க."

"என்னது? எனக்குப் பல்லைத் தவிர ஒண்ணும் தெரியாதேக்கா!"

"கையிலதான் கடிகாரம் கட்டியிருக்கீங்களே. அதைப் பார்த்து ஓடுங்க. ஆசைப்பட்டு வேகமா மட்டும் போயிடாதீங்க."

அவர் கையில் பையைத் திணித்துவிட்டு எதிர்த்திசையில் ஓடினாள். எதிரே வந்தவர்கள் இந்தக் கிழவிக்கு வெயிலில் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

அவளைப் பார்த்ததும் மகளுக்கு வந்ததே கோபம்! "ஏம்மா நின்னே? இத்தனை வருஷமா நிக்காதவ, இன்னைக்குப் போயா நிக்கணும்? உன் கொடி போச்சேம்மா!"

"வாயை மூடிக்கிட்டு காலை நீட்டு."

மண்டியிட்டு, மகளின் குதிகாலை மடியில் வைத்து, கால்விரல்களைப் பின்னுக்கு அழுத்திப் பிடித்தாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். மகளின் இடுப்புப் பாட்டிலில் இருந்த உப்புத் தண்ணீரைக் குடிக்கவைத்தாள். கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக நீவிவிட்டாள். மகளின் காலை இப்படித் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தபடியே இன்னும் கொஞ்சம் நீவினாள். மெதுவாக முடிச்சு அவிழ்ந்தது. மகள் எழுந்து நின்று, நடந்து, இரண்டடி ஓடியும் பார்த்தாள்.

"சரியாயிடுச்சும்மா! வா, கேட் மூடறதுக்குள்ள போயிடலாம்." கொடி போய்ச் சேர்ந்த அரைமணியில் மைதானத்து கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கணக்கில் இடமில்லை.

கொடியக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். முட்டி வரவில்லை. கடைக் கதவைப் பிடித்து எழுந்தாள். தொடை இரண்டும் இறுகிப்போயிருந்தன. நின்றதற்கு உடம்பு வட்டியோடு வசூலித்துவிட்டது. பத்தடி நடந்து பார்த்து, இனி நடைதான் என்று தெரிந்துகொண்டாள்.

"நீ போ" என்றாள்.

"விளையாடறியா? உன்னை விட்டுட்டா?"

"எனக்கு நடக்கத் தெரியும்டி. ஆறு மாசமா இதுக்குன்னு ஓடியிருக்கே. போ, நேரமாகுது."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிவிட்டு ஓடினாள். முதலில் நொண்டி நொண்டி, பிறகு சீராக.

கொடியக்கா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவளே வற்புறுத்தி அனுப்பியதுதான். போனதில் சந்தோஷம்தான்.  இவளும் எத்தனையோ தடவை மகளை விட்டுப் போயிருக்கிறாள். ஒரு தடவையாவது இப்படிப் பின்னால் நின்று பார்த்ததுண்டா? ஒருவேளை ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாளோ என்று காத்திருந்தாள். மகள் திரும்பவில்லை. பிள்ளைக்கு அப்போதெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. தெரு என்றும் பார்க்காமல் அழுதுகொண்டே நடந்தாள்.

முக்கால் மணி நேரம் நடந்திருப்பாள், அப்போதுதான் அந்த வேன் வந்தது. முடியாமல் போனவர்களை ஏற்றிக்கொண்டு குறுக்கு வழியில் மைதானத்தில் கொண்டுபோய் விடுகிற வேன். குழுவில் அதற்குக் குப்பை வண்டி என்று பெயர். அதில் ஏறுகிறவர்களை வாயால் தேற்றினாலும் மனசுக்குள் கொடியக்கா மட்டமாகத்தான் நினைப்பாள், இதை மறைப்பானேன். அதில் ஏறிவிட்டால் அந்த ஓட்டத்தை ஓடியதாகவே கணக்கில்லை. ஏறாமல், கேட் மூடிய பிறகும் நடைபாதை வழியாகவே நடந்து வந்து சேர்கிறவர்கள் உண்டு. இவள் தவழ்ந்தாவது போவாளே தவிர ஏற மாட்டாள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேன் பக்கத்தில் வந்து மெதுவாக உருண்டது. டிரைவர் பெரிய மரியாதையோடு, "அம்மா... நீங்களா? ஏற மாட்டீங்கன்னு தெரியும். தண்ணி ஏதாவது வேணுமா?" என்றார்.

"நீ மைதானத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிஷம், அதிகம் போனா கால்மணி."

"கதவைத் திற."

டிரைவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. உள்ளே இருந்த இரண்டு இளைஞர்கள் அவள் காலைத் தூக்கி வைக்க உதவினார்கள்.

"சீக்கிரம் போப்பா" என்றாள். "என் பொண்ணு வந்து சேர்றதை நான் பார்க்கணும்."

மைதானத்தில் வீட்டுக்காரர் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் ஓடுகிறாள் என்பதற்காக முதல்முறையாக எழுந்து வந்திருந்தார். மஞ்சள் கொடியைப் பல் டாக்டர் சுமந்துகொண்டு வருவதைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூச்சிருக்கிறவரை கொடியை விடமாட்டாளே என்று எங்கெங்கோ போயிற்று நினைப்பு. வேனிலிருந்து மனைவி இறங்குவதைப் பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது. "என்னாச்சு உனக்கு? எங்க வலிக்குது?"

"எனக்கொண்ணும் ஆகல. தள்ளுங்க, நான் முன்னாடி நிக்கணும்."

நொண்டிக்கொண்டே கூட்டத்தை விலக்கிக் கயிற்றை ஒட்டிப் போய் நின்றாள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். உட்காரவில்லை. இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைக்கு மேலே பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. கேட்டை மூட ஆட்கள் கூடியபோது வளைவில் மகள் தெரிந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு, ஆனால் ஓடிக்கொண்டு வந்தாள். கொடியக்கா தொண்டை கிழியக் கத்தினாள். வாழ்க்கையில் அவள் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

மகள் கோட்டைத் தாண்டி நாலடி வந்து, குனிந்து மூச்சு வாங்கி, நிமிர்ந்து பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா.

"எப்படிம்மா... எனக்கு முன்னாடி வந்தே?"

"வேன்ல ஏறிட்டேன்."

"நீயா?"

"நீ வர்றதைப் பார்க்க வேணாமா?"

மகளுக்கு அந்த வேனைப் பற்றியும் தெரியும், அம்மாவைப் பற்றியும் தெரியும். கயிற்றைத் தாண்டி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "கால் ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார்.

"ஆமாப்பா" என்றாள் மகள், அம்மாவை விடாமலே.