மூட்டை தெரியாத கடிகாரம்

சென்ற பங்குனியில் நடந்தது இது. தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் உள்ள ஓர் உப்புக் கிடங்கில் நான் லோடுமேன். ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் மேலே பிடித்துக்கொண்டு, சாய்த்து வைத்த பலகையில் ஏறி லாரியில் அடுக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக இதே வேலைதான்.

என் மகள் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தாள். எத்தனை அடி நடந்தோம், எத்தனை கலோரி செலவானது, உடம்பு எவ்வளவு தாங்கும், எல்லாம் சொல்லுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சாயங்காலம் அவள்தான் செல்போனில் பார்த்து எனக்கு வாசிப்பாள்.

“என்னப்பா, இன்னைக்கு வேலைக்குப் போகலியா? ஆயிரத்து நூறு அடிதான் காட்டுது. கலோரியும் சும்மா படுத்துக் கெடந்த மாதிரி இருக்கு” என்றாள் ஒருநாள். அன்று நாங்கள் மூன்று லாரி ஏற்றியிருந்தோம். இருவரும் சிரித்துக்கொண்டோம்.

கடிகாரம் கட்டிய பதினாறாம் நாள் அவள் சிரிக்கவில்லை. உடம்பின் தாங்கும் திறன் என் வயதுக்கு ‘மோசம்’ என்று வந்திருந்தது. என் அப்பாவும் லோடுமேன்தான். ஐம்பது வயதில், மூட்டையை இறக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது.

யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். மறுநாள் சூப்பர்வைசரிடம் முழங்கால் வலி என்று பொய் சொல்லி, வாசலில் வாட்ச்மேன் வேலை கேட்டேன். திங்கட்கிழமை முதல் உட்கார்ந்துகொள் என்றார்.

கிடங்குக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இரண்டாம் முறையும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என் கடிகாரத்தைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் பதினாலாயிரத்துச் சொச்சம் அடி. மனிதர் அடுப்பை விட்டு நகரவே இல்லை. நாள் முழுக்கக் கையை மேலும் கீழும் வீசி டீ ஆற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

“ஏலே, நின்ன எடத்துல நின்னே முத்தையாபுரம் தாண்டிட்டேன். இன்னும் மூணு நாளு ஆத்தினேன்னா திருச்செந்தூர் கோயில் வாசல்ல நிப்பேன்” என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடி பொய், சரி. நெஞ்சு?

“அதையும் பாத்துருவோம், ஏறுலே” என்று சனிக்கிழமை தன் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சு நிறைய வயர் ஒட்டினார்கள். நர்ஸ் முன்னால் கூச்சமாக இருந்தது. ஓடுகிற பெல்ட்டில் ஏற்றிவிட்டார்கள். முதலில் பயந்து கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பெல்ட் வேகமாக ஓடியது, முன்பக்கம் இன்னும் உயர்ந்தது. அந்த ஏற்றத்தில் கால் வைத்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இது நம் லாரிப் பலகைதானே? தலையில் மூட்டைகூட இல்லையே? அதன்பிறகு கால்கள் தானாகப் போயின. வியர்வை கொட்டியது, மூச்சு வாங்கியது, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். கதவு இடுக்கில் அண்ணாச்சியின் மீசை தெரிந்தது.

“போதும், இறங்குங்க. உங்க வயசுல இவ்வளவு நேரம் தாங்குறவங்க குறைச்சல். நெஞ்சு நல்லா இருக்கு” என்றார் டாக்டர்.

நானாகவே வாய் திறந்து கடிகாரம் சொன்னதைச் சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

“கை வீசினாத்தான் இது அடின்னு எண்ணும். உங்க கை ரெண்டும் தலைக்கு மேல. நடை மெதுவா இருக்கு, ஆனா நாடி வேகமா அடிக்குது. இந்த நடைக்கே இவருக்கு இப்படி அடிக்குதேன்னு மோசம்னு போட்டிருக்கு. மூட்டை இருக்கிறது அதுக்குத் தெரியாதே.”

வெளியே வந்ததும் அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் அப்படி யாரையும் நான் கட்டிக்கொண்டதில்லை. “விடுலே, எல்லாரும் பாக்காவ” என்றார்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய், முழங்கால் வலி பொய் என்று ஒப்புக்கொண்டேன். திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டே சந்தோஷமாக முதல் மூட்டையைத் தூக்கினேன். கடிகாரத்தை இப்போதும் கட்டுகிறேன், மணி பார்க்க.

பதினாறு நாள் கையில் கிடந்த ஒரு பொருளை நம்பி, இருபத்தாறு வருடம் என்னோடு பலகை ஏறிய நெஞ்சைச் சந்தேகப்பட்டேனே என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அண்ணாச்சி மூன்றாம் முறையும் கேட்டாரே என்று நினைத்தால் அந்த வெட்கமும் போய்விடுகிறது.