வழுக்கிய திருப்புளி

யுத்தம் முடிந்து பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்டபோது என் அண்ணன் ஒன்றை எடுத்து வந்தார். அதன் திருகாணிகளின் தலையில், நாங்கள் பார்த்துப் பழகிய ஒற்றைக் கோடு இல்லை. கூட்டல் குறி வெட்டியிருந்தது. திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் அதற்கேற்ற திருப்புளி கிடைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். ஒரு திருகாணியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, அண்ணனோடு சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குப் போய் நானே தேர்ந்தெடுத்தேன். சிறியது உள்ளே இறங்கி ஆடியது. பெரியது பாதியில் நின்றது. நடுத்தரமானதன் முனையில் திருகாணியை மாட்டிப் படுக்கைவாட்டில் பிடித்தேன், விழவில்லை. அதையே வாங்கினோம். அண்ணன் ஒருநாள் அதைக்கொண்டு டின் மூடியை நெம்பினார். அன்று முதல் முனையைத் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். கேட்டால்தான் கொடுப்பேன்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் அரைத்ததும் நான்தான். லாரியின் முன்விளக்குகளைச் சுற்றியிருந்த வளையங்களின் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் அழுத்திப் பொட்டு வைத்தேன். லாரி லட்சணமாக இருந்தது.

பத்து நாள் கழித்து லாரியைச் சேலத்தில் சோதனைக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதிகாரி கையெழுத்துப் போடாவிட்டால் சுமை ஏற்ற முடியாது. அன்று காலை இடது விளக்கு எரியவில்லை. பல்பு மாற்ற வளையத்தின் நான்கு திருகாணிகளையும் கழற்றியாக வேண்டும். அண்ணன் முதலாவதைத் திருப்பினார். வழுக்கியது.

"அம்மிணி, உன்ற பள்ளிக்கூடத்துத் திருப்புளி பல்லுப்போன கெழவியாட்டம் சப்புது."

"திருப்புளி சரிதானுங்கண்ணா. நீங்கதான் அமுத்தறதில்லை. நல்லா அமுத்துங்க."

அழுத்தினார். மறுபடி வழுக்கியது. "இன்னும் அமுத்துங்க," என்றேன். அடுத்த திருப்பில் கூட்டல் குறி வெறும் குழியாகிவிட்டது.

அம்மா குனிந்து மற்ற மூன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தார். "ஏஞ்சாமி, குழிக்குள்ள சந்தனமல்ல காஞ்சு கல்லாட்டம் கெடக்குது? முனை எங்க போயி உக்காரும்?"

மேலே வைத்த பொட்டு அழிந்து, உள்ளே இருந்ததைப் புழுதி மூடியிருந்தது. நான் ஊக்கு முனையால் சுரண்டினேன். மூன்றும் சுலபமாகக் கழன்றன. முதலாவதைக் கொல்லர் உளி வைத்துத் தட்டி எடுத்தபோது உச்சிவேளை தாண்டி, சேலத்தில் சோதனை நேரம் முடிந்துவிட்டது. அடுத்த சோதனைக்கு ஒரு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். எங்கள் லாரியில் ஏற வேண்டிய கடலை மூட்டைகள் வேறு ஆட்களின் வண்டிகளில் போயின.

அன்று சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்த அப்பா, "நாளுந்தெரிஞ்சு ஏன்டா கோட்டை உட்ட?" என்று அண்ணனைக் கேட்டார்.

"ஆணி மழுங்கிப்போச்சுங்கப்பா. என்ற கை கொஞ்சம் மொரடு."

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"சந்தனம் வெச்சது நானுங்கப்பா. வழுக்க வழுக்க அமுத்தச் சொன்னதும் நானுங்க."

"இதைக் காலைலயே சொல்றதுக்கென்ன?"

"என்ற தப்புன்னு அப்பவே தெரிஞ்சுதுங்க. சொல்ல வாய் வரலீங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அண்ணன் கழற்றிய வளையத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். சந்தனக் கறை போக அதைக் கழுவ உட்கார்ந்தேன்.