ஏப்ரலுக்குப் பின் வந்த பிப்ரவரி

1997 மார்ச், முதல் வாரம் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. ஜெர்சி சிட்டியில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. அமெரிக்காவை ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலேயே இங்கு விவசாயம் பார்த்த ஒருவரின் வம்சத்தில் வந்தவர்கள் தாங்கள் என்று கேட்டு வளர்ந்தவர். ஈஸ்டருக்கு உறவினர்கள் கூடும்போது சுவரில் மாட்ட ஒரு வம்ச வரைபடம் வேண்டும் அவருக்கு. தேதி விஷயத்தில் நான் கறார் என்பதால், தேவாலயப் பதிவேட்டின் ஜெராக்ஸ் தாள்களை என்னிடம் கொடுத்தார்.

விவசாயிக்கு ஏப்ரலில் திருமணம். ஒரே மகனுக்கு ஞானஸ்நானம் அதே ஆண்டு பிப்ரவரியில். அதாவது, திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பே! மூன்று முறை பார்த்தேன். பதிவேட்டில் அந்தப் பிப்ரவரி, டிசம்பருக்குப் பின்னால் இருந்தது வேறு குழப்பியது. பைண்டிங்கில் தாள் மாறியிருக்கும் என்று முடிவுகட்டி, மகன் திருமணத்துக்கு முன்பே பிறந்தவன் என்று கீழே போய்ச் சொல்லியும்விட்டேன்.

வீட்டுக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் பையன் அவருடைய பிள்ளைதானா என்று கேட்டார். வரைபடமே வேண்டாம் என்று, பாதி வரைந்திருந்த தாளைச் சுருட்டிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை டெக்சஸின் கேட்டி நகரிலிருந்து மனைவியின் தங்கை போன் செய்தாள். போன மாதம் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கணிக்க ஈரோட்டுக்கு விவரம் அனுப்ப வேண்டுமாம். மனைவி எழுதி வைத்ததை எட்டிப் பார்த்தேன்: தாது வருஷம், மாசி மாதம்.

"இவ கல்யாணமே தாது வருஷம் வைகாசியிலதானே?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"கொழந்தையும் தாதுவா?"

"சித்திரை வந்தாத்தானே வருஷம் மாறும்? அவ மாமியாரே மாசம் எண்ணல, நீங்க எண்ணுறீங்க!"

திங்களன்று நூலகத்தில் தேடினேன். ஆங்கிலேயருக்கு அந்நாளில் ஆண்டு பிறந்தது மார்ச் இருபத்தைந்தில். ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வந்த பிப்ரவரிக்கும் அதே ஆண்டு எண்தான். தாள் எதுவும் மாறவில்லை. சித்திரையில் வருஷம் பிறக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று இன்றுவரை புரியவில்லை.

கீழே போய்ச் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு வரைபடத்தை எடுத்துவந்து விரித்து, மகனின் ஆண்டை எழுதச் சொன்னார். பேனாவைத் திறந்தேன். பதிவேட்டிலுள்ள ஆண்டா, இன்றைய கணக்கில் அதற்கடுத்த ஆண்டா? நடுவில் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதினேன்.

எந்த வருஷம் பிறந்தான் என்று உறவினர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார்.

கல்யாணத்துக்கு அப்புறம் என்று சொல்லுங்கள் என்றேன்.

சிரித்தார். நான் மாடிப்படி ஏறும்போது ஏப்ரல், மே என்று விரல்விட்டு மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.